மண்மேடும் மரப்பாலமும்

பைத்துல் முகத்தஸின் பாபுல் மகாரிபா பாலத்தைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் 2004ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வாண்டு பிப்ரவரியில், ஹரமுஷ் ஷரீஃபின் அவ்வாயிலுக்கு ஏறிச்செல்லும் மண்மேட்டின் ஒரு பகுதி சரிந்தது. பின்னர் தற்காலிகமாக ஒரு மரப்பாலம் எழுந்தது. இப்படித் தொடங்குவதே விவாதத்தைப் பொறியியலுக்குள் அடைத்துவிடுகிறது.

அந்த மேடு எதன் எச்சம் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன் அல்-அஃப்ழல் 1193இல் மஃக்ரிப் நாட்டவருக்கு வக்ஃபாக அளித்த குடியிருப்பு அங்கிருந்தது. 1967 ஜூனில் பழைய நகரம் இஸ்ரேலின் வசமான சில நாட்களுக்குள், மேற்குச் சுவரின் முன் திடல் அமைப்பதற்காக அக்குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. எஞ்சியது இந்த மேடு. 2007இல் அங்கு அகழ்வு தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பை வெறும் உணர்ச்சிவேகம் என்பது வரலாறு அறியாதார் பேச்சு.

மேடு சரிவது கீழே பிரார்த்திக்கும் யூதப் பெண்களுக்கு அபாயம் என்பதும் பொய்யன்று. தீ அபாயம் எனக் கூறி 2011 டிசம்பரில் மரப்பாலத்தை மூடினர். இரண்டொரு நாளில் திறந்தனர். தன்னிச்சையாக நிரந்தரப் பாலம் கட்டுவதை ஜோர்தானும் வக்ஃபு நிர்வாகமும் ஏற்கவில்லை.

முஸ்லிம்கள் தொழுகைக்கு வேறு வாயில்கள் இருக்க, இதற்கேன் இத்தனை பிடிவாதம் என்று வினவும் நம்மவரும் உளர். முஸ்லிமல்லாத பார்வையாளரும் இஸ்ரேலியக் காவல்படையும் நுழையும் இவ்வாயிலின் திறவுகோல் 1967 முதல் வக்ஃபு நிர்வாகத்திடம் இல்லை. அகலமும் உறுதியும் கொண்ட புதிய பாலம் எவரை, எத்தனை பேரை, யாருடைய அனுமதியில் உள்ளே கொண்டுசேர்க்கும்? ஜோர்தானின் மறுப்பு இக்கேள்வியைச் சார்ந்ததே.