திலகவதியாரை நிறுத்திய சொல்

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், திருநாவுக்கரசு நாயனார் புராணத்தின் முற்பகுதி திலகவதியம்மையாரின் கற்பு மேம்பாட்டை விளக்குவதென்றே சொற்பொழிவாளர் பலரும் எடுத்துரைக்கின்றனர். அது பிழையன்று, ஆயினும் குறைவுடைத்து. உயிர்விடத் துணிந்த ஒருவரை உயிரோடு நிறுத்திய வரலாறும் அப்பகுதியே. அவ்வாறு அதனைப் பயிலுதல் இக்காலச் சைவ மக்கட்கு இன்றியமையாதது என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

வரலாற்றின் அடைவை நோக்குக. திருவாமூரிற் புகழனார் நோயுற்று இறக்கின்றார். மாதினியாரும் உடன் உயிர் நீக்கின்றார். பெற்றோரை இழந்த மக்கள் இருவரும் துயரில் அழுந்தச் சுற்றத்தார் அவர்களைத் தேற்றுகின்றனர். அதன் பின்னரே இறுதிக் கடன்கள் நிகழ்கின்றன. தேற்றுதலை முன்னும் கடனைப் பின்னும் வைத்த முறை கருதத்தக்கது. பின்னர், அம்மையாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்னும் செய்தி வருகின்றது. அம்மையார் தாமும் மாயத் துணிகின்றார்.

அப்போது அவரைத் தடுத்தவர் யாவர்? நூல்வல்ல பெரியோர் அல்லர்; இளம்பருவத்துத் தம்பியாராகிய மருணீக்கியாரே. தமக்கையார் அடியில் வீழ்ந்து அழுத அவர் கற்பைக் குறித்து வாதிட்டிலர், வினையை விளக்கிலர், பாவமென்று அச்சுறுத்தவும் இலர். பெற்றோர் போன பின்னும் தாம் வாழ்வது தமக்கையாரைத் தொழுதற்கே என்றும், அவர் கைவிடின் தாம் முன்னே இறப்பதாகவும் கூறினார். இதன் பிற்பகுதியை நாம் பின்பற்றத்தக்க நெறியெனக் கொள்ளற்க. அது ஆதரவற்ற சிறுவனின் அச்சம். ஓர் உயிர் தானே பிரியுமாயின் அதனை அடுத்த உயிர்களும் இடருக்கு உள்ளாகும் என்பதை அது காட்டுகின்றது. உயிர்வாழ்வை வெறுத்தோர் பலர் தம்மைப் பிறர்க்குச் சுமையென்றே எண்ணுவர் என்பர் இக்கால மனநூலார். அவ்வெண்ணத்தை அறுக்கவல்லது 'நீர் எமக்கு வேண்டும்' என்னும் அன்பே. அம்மையாரும் தம்பியார்பால் வைத்த இரக்கத்தாலேயே உயிர் தாங்கினார்.

மாதினியார் செயலைப் புராணம் போற்றவில்லையோ எனச் சிலர் வினவலாம். அது அக்காலத்து வழக்கைக் கூறியதாம். அவ்வழக்கின்படியே செல்லத் துணிந்த மகளாரைப் புராணம் நிறுத்தி வைத்து, அவர் வாழ்ந்த தவவாழ்வையே விரித்துரைக்கின்றது என்பதை அவர் மறத்தலாகாது.

இவ்வளவு தெளிவான வரலாற்றை உடைய நாம் செய்வது யாது? தற்கொலை நேர்ந்த வீட்டிற் புகுந்து, 'முன்வினை' என்கின்றோம்; 'பெரும் பாவம்' என்கின்றோம்; எவ்வாறு நேர்ந்தது எனத் துருவி வினவுகின்றோம். சில இடங்களில் இறந்தார்க்குரிய கடனைச் செய்யவும் தயங்குகின்றோம். உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் ஆன்மா ஈடேறும் பொருட்டு இறைவன் கருணையால் தந்தவை என்பது சித்தாந்தத் துணிபு. அத்துணிபு உயிரைப் பேணுதற்கு ஏதுவாகுமேயன்றி, உயிரிழந்தோர் குடும்பத்தை இகழ்தற்குக் கருவியாகாது. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உதவுவது. பிறர் துன்பத்தின்மேல் எறிதற்கு உரியதன்று.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் தற்கொலையால் இறந்தனர். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவழுத்தத்துக்கு ஆட்பட்டவராகவே கருதி, அவர்க்குச் சிகிச்சையும் பாதுகாப்பும் அளித்தலை அரசின் கடமையாக்கிற்று. சட்டமே இரங்கும் காலத்திற் சைவம் இரங்காதிருத்தல் தகுமோ?

ஆகலின் சைவ சபைகள் செய்யத்தக்கன சில உள. துக்க வீட்டிற்குக் கருமாதியோடு செல்வதை நிறுத்தாமல், மூன்றாம் மாதத்தும் ஆறாம் மாதத்தும் அன்பர் இருவர் சென்று, இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசி, அழுவாரை அழவிட்டு உடனிருத்தல் வேண்டும். அவ்வீட்டார் விரும்பின் ஓதுவார் சென்று திருமுறை ஓதலாம். முகம் வாடி, ஒதுங்கி, சாவைப்பற்றிப் பேசுவாரைக் கண்டால், 'இறக்க எண்ணுகின்றீரோ' என்று அன்போடு நேரே கேட்கலாம். அங்ஙனம் கேட்டலால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை என்பது ஆராய்ந்தோர் முடிபு. கேட்டபின் அவரைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 2022 முதல் அரசு நடத்தும் 14416 என்னும் தொலைபேசி உதவியையும், சென்னையில் 1986 முதல் இத்தொண்டு புரியும் சினேகா நிறுவனத்தையும் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் நன்று. திருநீறும் மருந்தும் ஒன்றற்கொன்று பகையல்ல.

அன்பர்காள்! பின்னாளில் தம்பியார் சூலை நோயால் துடித்து இரவில் திருவதிகைக்கு வந்து வீழ்ந்ததும் அத்தமக்கையார் அடியிலேயே. அன்று தடுத்து நிறுத்தப்பட்டவர் இன்று தடுத்தவரைத் தாங்கினார்; அவர் கையால் திருநீறு பெற்றவர் நாவுக்கரசராயினார். அன்று அம்மையார் மாய்ந்திருப்பின், நள்ளிரவில் வந்த அந்நோயாளருக்குச் சென்று சேரும் இடம் ஏது? நம் ஊரிலும் அத்தகைய தமக்கையார் ஒருவர் இன்று கதவடைத்து அமர்ந்திருத்தல் கூடும். அவர் வாயிலிற் சென்று நிற்றல் சிவத்தொண்டே என்க.