விஷம் கொடுத்த அம்மா, கவிதை கொண்டுபோன அம்மா

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தது. அந்த நாவலைப் பற்றிய பேச்சு இன்றும் பெரும்பாலும் எழுதியவரின் வாழ்க்கையையே சுற்றி வருகிறது. துவரங்குறிச்சியில் சிறுவயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டது, திருமணத்துக்குப் பின் வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் கழிவறைக்குள் இருந்து எழுதியது, புனைபெயருக்குள் மறைந்துகொண்டது எல்லாம் அவரே பேட்டிகளில் சொன்னவை. கிம் லாங்கினாட்டோவின் 2013 ஆவணப்படமும் இவற்றைப் பேசுகிறது. இத்தனையும் தெரிந்துகொண்டு நாவலைக் கையிலெடுக்கும் வாசகி, இது யார் வீட்டுக் கதை என்று துருவத் தொடங்கிவிடுகிறாள். சொந்தக்காரர்களும் அதையேதான் துருவுவார்கள். குடும்பத்துக்கு விசுவாசமா, உண்மைக்கு விசுவாசமா என்ற கேள்வி எழுதும் பெண்ணின் முன்னால் வந்து நிற்பது அப்போதுதான்.

அந்தத் துருவலுக்குப் பிடிகொடுக்காத ஓர் இடம் நாவலில் இருக்கிறது. பிர்தவ்ஸ், கட்டிவைத்த கணவனை முதலிரவிலேயே மறுத்துவிட்டுத் தாய்வீடு திரும்புகிறாள். பிறகு சிவா என்ற இந்து ஆணை நேசிக்கிறாள். விஷயம் தெரியவந்ததும் அவளைப் பெற்றவளே அவளுக்கு விஷம் கொடுக்கிறாள். வாழ்க்கையிலோ, சல்மா ஒளித்துவைத்து எழுதிய கவிதைகள் வெளியுலகம் சேரக் கைகொடுத்தவர் அவருடைய அம்மா. அந்த அம்மாவை அப்படியே எழுதியிருந்தால் நன்றியுள்ள மகள் என்ற பெயர் கிடைத்திருக்கும். சல்மா எழுதியது விஷம் கொடுக்கும் அம்மாவை.

இந்த இரண்டு அம்மாக்களும் நிற்பது ஒரே வாசற்படியில் என்றே எனக்குத் தோன்றுகிறது. மகளை வெளியே விடாமல் காவல் காக்கும் வேலை இருவருக்கும் தரப்பட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் எதையாவது செய்வது ஒன்றுதான் இருவர் கையிலும் இருக்கும் அதிகாரம். அதைக்கொண்டு ஒருத்தி மகளின் சொற்களைக் காப்பாற்றுகிறாள்; இன்னொருத்தி குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறாள். எழுதியவரின் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லியிருந்தால் நமக்கு ஒரு நல்ல தாயின் கதை கிடைத்திருக்கும். அந்தத் தெருவின் ஏற்பாடு ஒரு தாயை எதுவரைக்கும் கொண்டுபோகும் என்பதைப் புனைவால்தான் சொல்ல முடிந்தது.

மானம் என்று இங்கே சொல்லப்படுவது எது? வீட்டு ஆண் வெளியே ஒரு பெண்ணை வைத்திருப்பது நாவலில் ஊரறிந்த விஷயம். அதனால் குடும்பத்தின் பெயர் கெட்டுவிடவில்லை. வாழாவெட்டி என்று திரும்பி வந்தவளின் ஆசைதான் அதைக் கெடுக்கிறது. ஆகவே குடும்பத்துக்கு விசுவாசமாக இரு என்று நம்மிடம் சொல்லப்படும்போது, குடும்பத்தில் யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிர்தவ்ஸும் அந்தக் குடும்பத்தில் பிறந்தவள்தானே? வாய்மூடி இருப்பவள் விஷத்தின் பக்கம் விசுவாசமாக இருக்கிறாள். எழுதுகிறவள் பிர்தவ்ஸின் பக்கம் விசுவாசமாக இருக்கிறாள். இரண்டுமே குடும்ப விசுவாசம்தான்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சிறுபான்மைச் சமூகத்துப் பெண் தன் வீட்டுக் கொடுமையை எழுதினால், அந்தச் சமூகத்தையே வெறுப்பவர்கள் கையில் அது ஆயுதமாகிவிடாதா? இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. தலித் எழுத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 1992இல் 'கருக்கு' வெளிவந்தபின் பாமா சில மாதங்கள் சொந்த ஊருக்குள் நுழைய முடியாமல் இருந்தார். ஆனால் வெறுப்பவர்களுக்கு ஆயுதம் வேண்டுமென்றால் அவர்கள் நாவலுக்காகக் காத்திருப்பதில்லை. காத்திருப்பவள் அதே தெருவில் இருக்கும் பெண். தனக்கு நடப்பதற்கு ஒரு பெயர் உண்டா என்று தேடிக்கொண்டிருப்பவள் அவள். வெறுப்புக்கு மறுமொழி அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. சல்மாவின் பெண்கள் கூடி உட்கார்ந்து கேலி பேசுகிறார்கள், காமத்தைப் பேசிச் சிரிக்கிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், ஒருத்தியை ஒருத்தி தாங்கிப் பிடிக்கிறார்கள். பரிதாபத்துக்குரிய கும்பலாக அவர்களை யாராலும் சுருக்கிவிட முடியாது.

எழுத விரும்பும் மாணவிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் யாரும் மறைந்துவிட மாட்டார்கள். உங்கள் கதையால் மாமாவின் கௌரவம் குறைந்தால் குறையட்டும். ஆனால் தன் ரகசியத்தை உங்களை நம்பிச் சொன்ன சித்தி, அதே வீட்டில்தான் நாளையும் சோறு தின்ன வேண்டும். அவளுக்காக ஊரை மாற்றுங்கள், வயதை மாற்றுங்கள், மூன்று பெண்களை ஒருத்தியாக்குங்கள். அவளுக்கு நடந்ததை மட்டும் மாற்றாதீர்கள்.