மணிமேகலையில் காட்சி அளவையும் அநான்மக் கொள்கையும்

திறவுச்சொற்கள்: மணிமேகலை, சுட்டுணர்வு, அநான்மவாதம், ஐங்கந்தம், வழக்கு.

முன்னுரை

மணிமேகலையின் 27, 29, 30ஆம் காதைகள் கதையோட்டத்திற்குப் புறம்பான சமயச் செய்திகள் என்னும் கருத்துத் திறனாய்வாளரிடையே உண்டு. 29ஆம் காதை, திக்நாகருக்கு முந்தியதா பிந்தியதா என்னும் கால ஆராய்ச்சிக்கே பெரிதும் பயன்பட்டுள்ளது. இம்மூன்று காதைகளையும் இணைத்து நோக்கின், ‘நான்’ என்னும் பொருளை மறுக்கும் வாதத் தொடர்ச்சி ஒன்று புலனாகிறது.

இருவகைக் காட்சி

வஞ்சியில் அளவைவாதி கூறும் காட்சியில், உயிரும் பொறியும் மனமும் குறைவின்றி இயையப் பெயர், சாதி, குணம், தொழில் என்பவற்றோடு பொருள் அறியப்படுகிறது. காஞ்சியில் அறவண அடிகள் அளவைகள் இரண்டே எனக் கூறிச் சுட்டுணர்வையே காட்சி என்கிறார். பெயர் முதலிய நான்கையும் அதனின்று நீக்குகிறார். அளவைவாதி முதலில் வைத்த உயிரும் இவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை.

எஞ்சுவது கருத்தளவு. ஆன்மா அறிவுடையது எனச் சாங்கியன் பௌத்தனிடம் கூறின் அம்மேற்கோள் வழுவாகும். அநான்மவாதிக்கு ஆன்மா என்னும் பொருளே உடன்பாடன்று. எனினும் இவ்வெடுத்துக்காட்டு ஆன்மா இல்லை என நிறுவுவதாகாது. இருவர்க்கும் பொதுவான வாத நிலம் இல்லை என்பதையே அது காட்டும்.

பெயரும் தொடர்ச்சியும்

நிறுவும் பணியை 30ஆம் காதை மேற்கொள்கிறது. பன்னிரு சார்பில் உணர்வும் ஊறும் நுகர்வும் ஒன்றையொன்று சார்ந்து தோன்றுகின்றன. அவற்றை உடையவன் என ஒருவன் கூறப்படவில்லை. ஐங்கந்தங்களின் வேறாக ஆள் இல்லை. வித்து, முளை, தாள் என நிகழ்வனவற்றை நெல் என்பதும், பல நாள் கூடியதைத் திங்கள் என்பதும் வழக்கு. காட்சியினின்று நீக்கப்பட்ட பெயர் இங்கு வழக்காக இடம்பெறுகிறது. ‘நான்’ என்பதும் அத்தகைய பெயரே என்பது இதனாற் பெறப்படும்.

இங்கு ஒரு தடை எழும். மணிபல்லவத்தில் மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகிறாள். முன்னர் இலக்குமியாக இருந்தவள் அவளே என்று கதை பேசுகிறது. நிலைத்த உயிர் இல்லையெனின் அந்நினைவு யாருடையது? நெல் பற்றிய எடுத்துக்காட்டைக் கொண்டே இதற்கு விடை காணலாம். வித்தும் தாளும் ஒன்றல்ல, தொடர்பற்றனவும் அல்ல. இலக்குமிக்கும் மணிமேகலைக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

முடிவுரை

முற்பிறப்பு நிகழ்ச்சியின்றி மணிமேகலையின் துறவு விளங்காது. தொடர்ச்சி என்னும் வழக்கின்றி அந்நிகழ்ச்சி பௌத்த நெறியோடு பொருந்தாது. கதை எழுப்பும் வினாவிற்கு இறுதிக் காதைகளில் விடை அமைந்திருத்தலின், அவற்றைக் காப்பியத்திற்குப் புறம்பானவை எனக் கொள்ளுதல் பொருந்தாது.