எல்எம்3886 பெருக்கிப் பலகை: ஓர் ஆய்வு

வீட்டு ஒலியமைப்பைத் தாமே கட்டிக்கொள்ள விரும்புவோரிடையே எல்எம்3886 என்ற தொகுப்புச் சுற்று, அதாவது ஐசி, நெடுங்காலமாக நன்மதிப்பைப் பெற்று வருகிறது. இதை வடிவமைத்த நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் 2011-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வசமானது. இரண்டு ஐசிகளும் மின்திருத்தியும் வடிகட்டு மின்தேக்கிகளும் பொருத்தப்பட்டு, ஒரு 18-0-18 டிரான்ஸ்பார்மரை மட்டும் இணைத்தால் இயங்கும் நிலையில் கடைகளில் கிடைக்கும் ஸ்டீரியோ பலகையே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இத்தகைய பலகைகள் எல்லாவற்றிலும் ஐசி ஒன்றே என்றாலும் ஒலி ஒன்றாக இருப்பதில்லை. அதற்கான காரணம் ஐசியைச் சுற்றியுள்ள சில்லறை உறுப்புகளிலும் தரை இணைப்பிலும் இருக்கிறது.

ஐசியின் உட்சுற்று மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில் உள்ள இணை டிரான்சிஸ்டர்கள், உள்ளே வரும் சைகைக்கும் வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் பங்குக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள, இரண்டாம் படி அவ்வேறுபாட்டைப் பெரிய மின்னழுத்தமாக வளர்க்க, மூன்றாம் படி அந்த மின்னழுத்தத்துக்கு ஒலிபெருக்கியை அசைக்கத் தேவையான மின்னோட்ட வலுவைத் தருகிறது. இந்த மூன்றாம் படியில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டர் தொகுதியும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. ஆனால் டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவைப்படுவதால், அலை சுழியைக் கடக்கும் கணத்தில் இரண்டுமே ஓய்ந்து அலையில் ஒரு நெளிவு உண்டாகக்கூடும். குறைந்த ஒலியில் வீணையின் நாதம் தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் இந்தக் கடப்புத் திரிபு காதுக்கு அதிகம் உறுத்தும். இதைத் தவிர்க்க, சைகை இல்லாதபோதும் இரு தொகுதிகளிலும் சிறிதளவு மின்னோட்டம் ஓடும்படி அமைப்பதே ஏபி வகுப்பு எனப்படுகிறது. சும்மா இருக்கும்போதே ஐசி ஒவ்வொன்றும் சுமார் 50 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்வதற்கும் இலேசாகச் சுடுவதற்கும் இதுவே காரணம், அது குறையன்று.

எஞ்சிய திரிபைப் பின்னூட்டம் அடக்குகிறது. ஐசியின் இயல்பான பெருக்கம் சில லட்சம் மடங்கு. வெளியீட்டிலிருந்து 20 கிலோ ஓம் மின்தடை வழியாகத் திரும்பும் மின்னழுத்தத்தை 1 கிலோ ஓம் மின்தடை பங்கிட்டுக்கொள்வதால் பெருக்கம் 21 மடங்காகக் குறைகிறது. கைவிடப்பட்ட அந்தப் பெரும்பெருக்கமே பிழைகளைத் திருத்தப் பயன்படுகிறது. பெருக்கத்தை 10 மடங்குக்குக் கீழே இறக்கினால் ஐசி நிலைகுலைந்து அலைவுறத் தொடங்கும் என்பதால், இந்த மின்தடைகளைத் தோன்றியபடி மாற்றக்கூடாது. 1 கிலோ ஓமுடன் தொடரிணைப்பில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் இருக்க வேண்டும். இது நேர்மின்னோட்டத்துக்குப் பெருக்கத்தை ஒன்றாக்கி, வெளியீட்டில் தேங்கும் நேர்மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட்டுக்குள் நிறுத்துகிறது. மலிவான பலகைகள் பலவற்றில் இது விடப்பட்டிருக்கிறது. அப்போது ஐசியின் 10 மில்லிவோல்ட் பிழைகூட 0.2 வோல்ட்டாக வளர்ந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும். ஒலிபெருக்கியை இணைக்குமுன் வெளியீட்டை மல்டிமீட்டரால் அளப்பது கட்டாயம்.

18-0-18 டிரான்ஸ்பார்மர், திருத்தத்துக்குப் பின் இருபுறமும் 25 வோல்ட் அளவில் தருகிறது. 8 ஓம் ஒலிபெருக்கியில் 25 முதல் 30 வாட் வரை எதிர்பார்க்கலாம். விளம்பரங்களில் காணப்படும் 68 வாட் என்பது இருபுறமும் 28 வோல்ட்டும் 4 ஓம் சுமையும் இருக்கையில் கிடைப்பது. இதே 25 வோல்ட்டில் 4 ஓம் இணைத்தால் ஒவ்வோர் ஐசியும் அதிகபட்சம் 32 வாட் வரை வெப்பமாக வெளியேற்ற வேண்டிவரும். பலகையுடன் வரும் கையகல அலுமினியத் தகடு அதற்குப் போதாது. பலத்த மத்தள ஒலியின்போது படபடவென்று கீறல் ஓசை எழுந்தால், பழுது ஒலிபெருக்கியில் என்று முடிவுகட்டாமல், ஐசியின் உட்காப்புச் சுற்று வெப்பத்தைக் கண்டு குறுக்கிடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உலோக முதுகு கொண்ட வகையில் அந்த முதுகு எதிர்மின் முனையுடன் இணைந்தது. தரைக்கும் முதுகுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் −25 வோல்ட் காட்டும். ஆகவே மைக்கா தாளும் காப்பு வளையமும் இல்லாமல் இதைப் பெட்டியுடன் திருகினால் மின்வழங்கி குறுக்குச்சுற்றாகிவிடும்.

இரைச்சலே இப்பலகையின் உண்மையான தேர்வு. வடிகட்டு மின்தேக்கிகளை நொடிக்கு 100 முறை நிரப்பும் மின்னோட்டத் துடிப்புகள் செல்லும் செம்புப் பாதையிலேயே உள்ளீட்டின் தரையும் இணைந்திருந்தால், அங்கு எழும் மிகச்சிறு மின்னழுத்தமும் 21 மடங்காகி 'ங்ம்' என்று கேட்கும். உள்ளீட்டு முனையைத் தரையுடன் இணைத்த பிறகும் அவ்வோசை தொடர்ந்தால் குறை பலகையில் இருக்கிறது. நின்றுவிட்டால் வெளிக்கம்பியில் இருக்கிறது.

சைகைத் தரையும் மின்வழங்கித் தரையும் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி அமைந்து, பின்னூட்டப் பாதையில் அந்த மின்தேக்கியும் இடம்பெற்றுள்ள பலகையை 8 ஓம் ஒலிபெருக்கிகளுக்குத் தயக்கமின்றி வாங்கலாம். 4 ஓம் ஒலிபெருக்கி வைத்திருப்போர் பெரிய வெப்பத்தகட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிய பிறகே வாங்க வேண்டும்.