பெயரும் பதிவேடும்

மூதாதையரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மோசமான வாசகர்கள். தங்கள் பெயர் வரும் வரியை மட்டும் வாசிக்கிறார்கள். இத்தாலியைப் பொறுத்தவரை இந்தத் தேடல் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. பிரேஸிலிலும் அர்ஜென்டினாவிலும் வட அமெரிக்காவிலும் பிறந்த கொள்ளுப் பேரர்கள், பாட்டனின் தகப்பன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினான் என்று விசாரித்து, அந்த ஊர் நகராட்சிக்கு எழுதி, பங்குச் சாமியாருக்கு எழுதி, ஆவணக் காப்பகங்கள் படமெடுத்து வைத்திருக்கும் பழைய பக்கங்களைப் புரட்டி, கடைசியில் ஒரு பெயரைப் பிடிக்கிறார்கள். பிடித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில் வம்ச அக்கறை எதுவும் இல்லை. இத்தாலிய நாவலைப் புரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தப் பதிவேடுகளுக்கு வந்து சேர்ந்தேன். வந்தபின் தோன்றியதைச் சொல்கிறேன். இந்தப் பதிவேடுகளில் ஒன்றுகூட யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதற்காக எழுதப்பட்டதில்லை. இத்தாலிய நாவலாசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தது. வம்சம் தேடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

எதற்காக எழுதினார்கள்? ஃபிளாரன்ஸில் 14ஆம் நூற்றாண்டில், ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் ஆண் குழந்தைக்கு ஒரு கறுப்பு விதை, பெண் குழந்தைக்கு ஒரு வெள்ளை விதை என்று போட்டுவைத்ததாக வில்லானியின் சரித்திரம் சொல்கிறது. எண்ணிக்கை போதுமாயிருந்தது, பெயர் தேவைப்படவில்லை. பெயர் எழுதிய ஞானஸ்நானப் புத்தகங்கள் அங்கே 1450லிருந்து இருக்கின்றன. எல்லாப் பங்குகளுக்கும் இதைக் கடமையாக்கியது ட்ரெண்ட் சங்கம், 1563 நவம்பரில். அதன் கவலை ரகசியக் கல்யாணங்கள். ஒருத்தியை யாருக்கும் தெரியாமல் மணந்து, பிறகு ஊரறிய இன்னொருத்தியை மணப்பவனைப் பிடிக்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயர்களையும் எழுதச் சொன்னார்கள். அந்த உறவும் ரத்த உறவு மாதிரி கல்யாணத்துக்குத் தடை. 1614ல் வந்த ரோமன் சடங்கு நூல் ஐந்து புத்தகங்கள் வைக்கச் சொன்னது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கல்யாணம், சாவு, பிறகு 'ஆன்மாக்களின் நிலை' என்ற ஒன்று. இந்த ஐந்தாவதற்காகச் சாமியார் வீடு வீடாகக் கணக்கெடுப்பார். வீட்டில் யார் யார், என்ன வயது, யார் பாவசங்கீர்த்தனம் செய்தது, பாஸ்காவுக்கு நன்மை வாங்காதது யார். ஒரு குடும்பத்தை அப்படியே ஒரு கூரையின் கீழ் காட்டுவதால் இன்றைய தேடலாளர்களுக்கு இது பொக்கிஷம். எழுதிய கைக்கு அது பாவக் கணக்கு.

அடுத்து அரசாங்கம் வந்தது. நெப்போலியனின் சட்டத்தைத் தொடர்ந்து நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் 1809லும், ஸிஸிலியில் 1820லும், ஒன்றுபட்ட இத்தாலியில் 1866லும் சிவில் பதிவு தொடங்கியது. படைக்கு ஆள் எடுக்கவும் சொத்து யாருக்குப் போகும் என்று தீர்க்கவும் அரசுக்குப் பெயர்கள் வேண்டும். தெற்கில் 1816க்குப் பின் வந்த அச்சிட்ட படிவங்களை நான் ஒரு இலக்கியப் பிரதியைப் போலவே வாசித்தேன். பக்கம் இரண்டு பத்திகளாகப் பிரிந்திருக்கும். பிறப்பென்றால், இடப் பக்கம் நகராட்சி அதிகாரி முன் தகப்பனோ மருத்துவச்சியோ குழந்தையைக் காட்டிச் சொன்னது. வலப் பக்கம், குழந்தைக்கு இன்ன நாளில் ஞானஸ்நானம் ஆயிற்று என்று பங்குச் சாமியார் அனுப்பிய தகவல். கல்யாணமென்றால் இன்னும் விசித்திரம். இடப் பக்கம் இருப்பது கல்யாணமே இல்லை, கோவிலில் கல்யாணம் செய்துகொள்வோம் என்ற வாக்குறுதி. வலப் பக்கம் நிரம்பினால்தான் புருஷன் பெண்டாட்டி. ராஜாவும் சபையும் ஒரே தாளில் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கோடு.

1866க்குப் பிறகு இந்தத் தாள் கிழிந்தது. சிவில் கல்யாணத்துக்கு மட்டுமே சட்ட மதிப்பு என்றது புதிய அரசு. கோவிலில் மட்டும் மணந்தவர்களின் குழந்தைகள் நகராட்சிப் புத்தகத்தில் முறைப்படிப் பிறக்காதவர்களாயினர். தகப்பன் வந்து, மணமாகாத ஒரு பெண்ணுக்குத் தன்னால் பிறந்தது என்று எழுதுவிப்பான். தாயின் பெயர்கூட இருக்காது. அதே குழந்தை சாமியாரின் புத்தகத்தில் தாய் தகப்பன் பெயரோடு, சகல மரியாதையோடு இருக்கும். 1929 உடன்படிக்கைவரை இந்த நிலை. ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தன் பாட்டன் தவறிப் பிறந்தவன் என்று வெட்கப்படுகிறவனும், மற்றதை மட்டும் பார்த்துவிட்டுப் பெருமைப்படுகிறவனும் ஒரே பாட்டனைத்தான் பேசுகிறார்கள்.

இந்த இடத்தில் நாவலுக்கு வருகிறேன். இத்தாலிய நாவலின் தொடக்கம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் மான்ஸோனியின் 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' (1827, திருத்திய வடிவம் 1840-42) ட்ரெண்ட் சங்கத்தின் அந்த ஆணைமீதே கட்டப்பட்டது. 1628ல், லொம்பார்டியில், ரென்ஸோவும் லூசியாவும் மணக்க வேண்டும். உள்ளூர்ப் பிரபுவின் அடியாட்களுக்குப் பயந்து பங்குச் சாமியார் தோன் அப்போந்தியோ மறுக்கிறார். மறுக்க அவர் பிடித்துக்கொள்ளும் ஆயுதம் லத்தீன். கல்யாணத் தடைகளை லத்தீனில் அடுக்கி நெசவாளிப் பையனின் வாயை அடைக்கிறார். ஆணையின்படி சாமியாரும் இரண்டு சாட்சிகளும் எதிரே இருந்தால் போதும், சாமியாரின் சம்மதம் வேண்டியதில்லை. ஆகவே ஜோடி ராத்திரியில் அவர் வீட்டுக்குள் நுழைகிறது. ரென்ஸோ தன் வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறான். லூசியா தன் வாக்கியத்தை முடிக்குமுன் சாமியார் மேஜை விரிப்பை இழுத்து அவள் முகத்தில் எறிகிறார். வாக்கியம் முடியவில்லை, கல்யாணமும் இல்லை. சட்டத்தின் ஒரு ஷரத்து மனிதர்களின் மூச்சுக்குள் எப்படிப் புகுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரியாது. கல்யாணப் புத்தகத்தில் அன்றைய தேதியில் எதுவும் ஏறாது. வம்சம் தேடுகிறவன் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவான்.

மான்ஸோனியின் சொந்தப் பதிவையும் சொல்ல வேண்டும். 1785ல் மிலானில் பிறந்த அவருக்குத் தகப்பன் பியேத்ரோ மான்ஸோனி என்பது பதிவு. உண்மைத் தகப்பன் ஜியோவான்னி வெர்ரி என்பது அந்தக் காலத்திலிருந்தே மிலானில் உலவிய பேச்சு, பின்னால் வந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்பது. பதிவு பொய் சொல்லவில்லை. கல்யாணமான பெண்ணின் குழந்தைக்கு அவள் புருஷன் தகப்பன் என்ற விதியை அது எழுதியிருக்கிறது. ரத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்ல முன்வரவில்லை. ரத்தத்தை அதில் தேடுவது நம் தவறு.

வெர்கா இதை ஒரே வீச்சில் சொல்லிவிட்டார். 'மாலவோல்யாக்கள்' (1881) நாவலின் முதல் பக்கத்திலேயே, அந்த மீனவக் குடும்பத்துக்குப் பங்குப் புத்தகத்தில் தொஸ்கானோ என்று பெயர், அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்கிறார். ஊர் அவர்களை அறிவது மாலவோல்யா என்ற பட்டப் பெயரால். வேண்டாவெறுப்புக்காரர்கள் என்று பொருள், உழைப்பாளிகளுக்கு ஊர் வைத்த தலைகீழ்ப் பெயர். ஸிஸிலியில் பட்டப் பெயரே மனிதனின் பெயர். பதிவேட்டுப் பெயர் வரிக்கும் பட்டாளத்துக்கும். அந்த வீட்டுப் பேரன் லூக்கா 1866ல் லிஸ்ஸா கடற்போரில் சாகிறான். வீட்டார் கத்தானியா துறைமுக அலுவலகத்துக்குப் போய்க் கேட்க, ஒரு குமாஸ்தா தடித்த புத்தகங்களைப் புரட்டி, செத்தவர்கள் பட்டியலில் விரலை ஓட்டிச் சொல்கிறான். செத்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாற்பது நாளும் லூக்கா வீட்டில் உயிரோடிருந்தான். பதிவேட்டுக்கும் வாழ்க்கைக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியை அலங்காரமில்லாமல் எழுதியதுதான் வெர்காவின் யதார்த்தம்.

இத்தாலியப் பதிவேடுகளில் எனக்கு ஆகப் பிடித்த சொல் 'ஃபூ'. இறந்த காலத்தில் 'இருந்தார்' என்று பொருள். இன்னாரின் மகன் என்றிருந்தால் தகப்பன் உயிரோடிருக்கிறான். நடுவில் 'ஃபூ' விழுந்தால் செத்துவிட்டான். நம் கல்யாணப் பத்திரிகையில் 'காலஞ்சென்ற' போடுகிறோமே, அது. அவர்களுக்கு அது மரியாதைச் சொல்லாக மட்டும் இல்லை. ஒரு மகனின் கல்யாணப் பதிவில் இல்லாத 'ஃபூ' அடுத்தவனின் கல்யாணத்தில் வந்தால், இரண்டு தேதிகளுக்கும் இடையில் தேட வேண்டியது தகப்பனின் சாவை. தெற்கில் கல்யாணப் பதிவோடு சேர்த்துக் கட்டிவைத்த காகிதங்கள் இன்னும் ஆழம் போகும். தகப்பன் இறந்திருந்தால் பாட்டனின் சம்மதம் வேண்டும். பாட்டனும் இல்லையென்றால் அவன் செத்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஆக 1820ன் ஒரு கூலிக்காரன் கல்யாணத்தில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்த பாட்டன் வந்து நிற்கிறான். அவனை அங்கே நிறுத்தியது பாசம் அல்ல, சட்டத்தின் சந்தேகம்.

இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்தவர் பிராண்டெல்லோ. 'காலஞ்சென்ற மத்தியா பாஸ்கல்' (1904). ஓடிப்போன ஒருவன், மில் ஓடையில் கிடந்த பிணத்தை மனைவியும் மாமியாரும் தன்னுடையதென்று அடையாளம் காட்டிவிட்டதைப் பத்திரிகையில் படிக்கிறான். விடுதலை என்று நினைத்து அத்ரியானோ மேய்ஸ் என்ற பெயரில் ரோமில் வாழப் பார்க்கிறான். திருட்டுப் போனால் போலீஸுக்குப் போக முடியாது, நேசித்த பெண்ணை மணக்க முடியாது. எந்தப் புத்தகத்திலும் அவன் பிறந்திருக்கவில்லை. திரும்பி வந்தால் மனைவி இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட்டுக் குழந்தையும் பெற்றிருக்கிறாள். தன் கல்லறைக்குத் தானே பூ வைக்கப் போகிறான். இதை வெறும் அடையாளச் சிக்கல், தத்துவ விளையாட்டு என்று வியாக்கியானம் செய்கிறவர்கள் நகராட்சிக் குமாஸ்தாவை மறந்துவிடுகிறார்கள். பாஸ்கலின் துக்கம் மிக ஸ்தூலமானது. அவன் பெயருக்கு முன்னால் ஒரு 'ஃபூ' விழுந்துவிட்டது, அதை எடுக்க வழியில்லை.

சரித்திரக்காரர்கள் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போனார்கள்? கார்லோ கின்ஸ்பர்க், கார்லோ போனி இருவரும் 1979ல் எழுதிய சிறு கட்டுரையில், பெயரே ஆவணக் காட்டுக்குள் வழி காட்டும் நூல் என்றார்கள். ஒரே பெயரைப் பங்குப் புத்தகத்திலும், நிலக் கணக்கிலும், கோர்ட்டுக் காகிதத்திலும் பின்தொடர்ந்தால், எளியவன் ஒருவன் தன் உறவுகளோடு எழுந்து வருவான். நல்ல யோசனை. எனக்கு இரண்டு ஆட்சேபங்கள். ஒன்று, கின்ஸ்பர்க் எழுந்து நடக்கவைத்த மாவு மில்லுக்காரன் மெனோக்கியோ, விசாரணைச் சபை 1584லும் 1599லும் அவனைக் கூண்டில் நிறுத்திப் பேசவைத்ததால் நமக்குக் கிடைத்தவன். ஒழுங்காகப் பாஸ்கா நன்மை வாங்கிச் செத்த பக்கத்து வீட்டுக்காரனுக்கு மூன்று வரிதான். அந்த மூன்று வரியை வாசிக்கும் முறையை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது, நூல் அறும் இடம். நேப்பிள்ஸில் அனுன்ஸியாத்தா ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு சுழலும் பெட்டி இருந்தது, 1875ல் மூடும்வரை. வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். வைத்த கை தெரியாது. வெளியே விடப்பட்டவன் என்று பொருள்படும் எஸ்போஸித்தோ அவர்களுக்குக் குடும்பப் பெயராயிற்று. ரோமில் ப்ரோயெத்தி. ஃபிளாரன்ஸில் ஆஸ்பத்திரியின் பெயரால் இன்னொச்செந்தி. மிலானில் ஆஸ்பத்திரிச் சின்னமான புறாவால் கொலொம்போ. தேடல் இந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். ஆனால் பதிவேடு இங்கேதான் கண்ணைத் திறக்கிறது. மற்றக் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை மிகையாகச் சொல்லாத குமாஸ்தா, இந்தக் குழந்தை எந்தத் துணியில் சுற்றியிருந்தது, கூட என்ன இருந்தது என்று எழுதுகிறான். சில குழந்தைகளோடு பாதியாக உடைத்த பதக்கம் இருந்தது. மறு பாதி தாயிடம். என்றாவது வந்து பொருத்திக் காட்டலாம் என்று. ஃபிளாரன்ஸில் அந்தப் பாதிகளை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வம்சம் இல்லாத இடத்தில் ஒரு தாய் இருந்தாள் என்பதற்கு இத்தனை சாட்சி வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1912 சட்டமும் 1992 சட்டமும் ரத்தத்தால் குடியுரிமை தந்தன. 1861 மார்ச் 17க்குப் பின் உயிரோடிருந்த ஒரு மூதாதையிடமிருந்து சங்கிலி அறாமல் காட்டினால் எத்தனை தலைமுறையானாலும் சரி. சங்கிலியில் ஒரு பெண் வந்து, அவள் பிள்ளை 1948க்கு முன் பிறந்திருந்தால் மட்டும் நகராட்சி ஏற்காது, கோர்ட்டுக்குப் போக வேண்டும். 2025 மார்ச் 28ல் ஒரு அவசரச் சட்டம் வந்தது, மே மாதம் நிரந்தரமாயிற்று. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாகப் பெற்றோர், அதற்கு மேல் பாட்டன் பாட்டி, அதோடு நிறுத்தம். முந்தைய நாள்வரை ரத்தமாக இருந்தது மறுநாள் வெறும் காகிதம். சுயநலமாகத் தேடியவர்களை எல்லாரும் ஏளனம் செய்தார்கள். எனக்கு அந்த ஏளனத்தில் பங்கில்லை. பாவக் கணக்குக்கு எழுதிய பெயரைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது, பட்டாளத்துக்கு எழுதியதைப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டது. சாமியாரும் ராஜாவும் செய்ததையே பேரனும் செய்தான். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டான்.

இப்போது அந்த உபயோகம் பலருக்குப் போய்விட்டது. இனியாவது அவர்கள் அந்தப் பக்கத்தை முழுக்க வாசிக்கலாம். குழந்தையைக் கையில் ஏந்தி வந்த மருத்துவச்சியின் பெயர் அதில் இருக்கும். சாட்சிகள் இருவரின் தொழில் இருக்கும், கை உழைப்பு தவிர வேறு எதுவும் இல்லாதவன் என்று சொல்லும் 'ப்ராச்சாலே' பெரும்பாலும். கடைசியில், எழுதியதை வாசித்துக் காட்டினோம் என்றும், தனக்கு எழுதத் தெரியாது என்று அவன் சொன்னான் என்றும் இருக்கும். கீழே அதிகாரியின் கையெழுத்து மட்டும்.