பங்குனிப் புங்கம்பூவும் அமராவதிக் கல்லும்

பங்குனி பிறந்ததும் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் புங்கமரங்கள் பூவெடுக்கத் தொடங்கும். பழைய இலை கொட்டி, எண்ணெய் தடவினாற்போல் மின்னும் தளிர் வந்தபின், இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளைப் பூக்கள் கொத்துக்கொத்தாக வெளிப்படும். கிளையில் இருக்கும்போது இந்தப் பூ இலைக்குள் ஒளிந்துகொள்ளும். உதிர்ந்த பின்தான் அதன் அழகே. மரத்தடி நிறையப் பரவிக் கிடக்கும் பூவைச் சங்கப் புலவர்கள் பொரிக்கு ஒப்பிட்டார்கள். வெயில் ஏறினால் வாடிவிடும். விடியற்காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

செர்ரி பூக்கும் நாளில் ஜப்பானியர் பூவையும் புத்தர் கோயிலையும் ஒரே பயணத்தில் பார்ப்பது வழக்கம். ஆரம்பாக்கத்துக்காரர்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. சூலூர்பேட்டை மார்க்கத்து ரயிலில் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பக்கம்தான். அங்கே இருப்பவை அமராவதிச் சிற்பங்கள்.

கிருஷ்ணை நதியின் தென்கரையில், சாதவாகனர் காலத்தில் செழித்த பெரிய பௌத்தத் தூபியின் கற்கள் இவை. 1797இல் காலின் மெக்கன்சி தூபி புதைந்துகிடந்த மேட்டைப் பார்த்தார். 1845இல் வால்டர் எலியட் தோண்டினார். கற்களில் ஒரு பகுதி லண்டன் போயிற்று, ஒரு பகுதி சென்னையில் நின்றது. சி. சிவராமமூர்த்தி 1942இல் இவற்றைப் பற்றி எழுதிய நூல் இன்றும் ரசிகர்களுக்குத் துணை.

வெளிர்பச்சை சாயும் சுண்ணாம்புக்கல். மெல்லிய உளிக்கும் இணங்குவது. அதனால்தான் வேலித் தூண்களின் தாமரை வட்டங்களில் இதழ்மேல் ஓடும் நரம்புகூடத் தெரிகிறது. தூண்களுக்கு மேலே கிடக்கும் உத்தரக் கல்லில், பருத்த பூமாலையை ஆட்கள் தோளில் சுமந்து போகிறார்கள். மாலை ஏறி இறங்கும் வளைவு கல் முடியும்வரை அறுபடுவதில்லை. பழைய பலகைகளில் புத்தர் உருவமே கிடையாது: போதிமரம், அதனடியில் வெற்றிருக்கை, பாதச் சுவடு. சுற்றிலும் குனிந்து வணங்குவோரின் முதுகு வளைவே அவர் அங்கே இருப்பதைச் சொல்லிவிடுகிறது. உருவம் வந்த பிற்காலக் கற்களைவிட இவற்றில்தான் பக்தி ஆழமாக இறங்கியிருக்கிறது.

எல்லாவற்றிலும் நின்று பார்க்கவேண்டியது நளகிரி வட்டம். புத்தரைக் கொல்லத் தேவதத்தன் ஏவிய நளகிரி என்ற மதயானை ஒரே வட்டத்துக்குள் இரண்டு முறை வருகிறது. இடப்பக்கம் துதிக்கையில் ஆளைப் பற்றி இழுத்துத் தெருவைக் கலக்குகிறது. வலப்பக்கம் புத்தர்முன் மண்டியிட்டுக் கிடக்கிறது. நடுவில் கோடு கிடையாது. இடப்பக்கத்தில் உடல்கள் சாய்ந்து, முட்டி, சிதறுகின்றன. புத்தரை நெருங்க நெருங்க நெரிசல் தளர்ந்து கோடுகள் நேராகின்றன. மாடத்துச் சாளரங்களிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களில் இன்னும் பயம் போகவில்லை. ஒரு கணத்தை உறையவைக்கும் சிற்பிகள் பலர். மனம் மாறும் கால அளவையே ஒரு வட்டத்துக்குள் அடக்கிய கை அரிது.

வழிபாடு நடக்கும் கோயிலையும் காண விரும்புவோர் எழும்பூர் ரயில் நிலையத்தை அடுத்த கென்னட் சந்துக்குப் போகலாம். அங்கே மகாபோதி சங்கத்தின் விகாரை இருக்கிறது. புத்தகயைக்குப் போகும் இலங்கை யாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் இடம் அது.