நாடா சொல்வதும் படம் சொல்வதும்

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்து மாடியில் தையல்காரர்கள் கழுத்தில் நாடாவைத் தொங்கவிட்டபடி நிற்பார்கள். மார்பைச் சுற்றி ஒருமுறை, இடுப்பைச் சுற்றி ஒருமுறை, அளவு கிடைத்துவிடும். காட்டு மரத்தை அளப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் மேலே நாடாவைச் சுற்றி, வந்த சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் தண்டின் விட்டம். அந்த 1.3 மீட்டருக்கு வனத்துறையார் வைத்திருக்கும் பெயரும் மார்பளவு உயரம்தான். புக்கிட் தீமா வனத்தில் 1993இல் தொடங்கிய நீண்டகால ஆய்வுத் திடலில் ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்றுக்கும் கணக்கு உண்டு.

இந்த வேலையைத்தான் இப்போது கேமராவிடம் கொடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். மரத்தைச் சுற்றி நடந்தபடி, ஒன்றோடொன்று பெரும்பகுதி பொருந்துமாறு பல படங்கள் எடுக்க வேண்டும். ஒரே பட்டைக் கீறல் எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே தெரிகிறது என்று மென்பொருள் தேடும். அதைக் கொண்டு, ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட இடத்தைக் கணக்கிட்டு, லட்சக்கணக்கான புள்ளிகளால் மரத்தை மறுபடி கட்டும். கைப்பேசியே போதும். ஆனால் வெறும் படத்துக்கு அளவு தெரியாது. தொட்டிச்செடியும் ஆலமரமும் அதற்கு ஒன்றுதான். அடிமரத்தில் ஓர் அளவுகோலைச் சாத்திவைத்துப் படம் எடுத்தால்தான் புள்ளிகள் மீட்டராக மாறும். ஆக, நாடாவை ஒழிக்க வந்த கேமராவும் நாடாவின் உறவினரைக் கூடவே அழைத்து வருகிறது.

இந்த முறையின் மெய்யான பலம் கோணல் மரங்களில் தெரியும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றின் அடி உருளையாக இருப்பதில்லை. பலகை பலகையாக வேர்கள் புடைத்து, நடுவில் ஆள் ஒளியும் பள்ளங்கள் இருக்கும். நாடா அந்தப் பள்ளங்களுக்குள் இறங்காது, மேலாகத் தாண்டிப்போய் இல்லாத மரத்தையும் சேர்த்து அளந்துவிடும். அதனால் அளப்பவர்கள் ஏணி வைத்து, வேர்ப்பலகைக்கு மேலே போக வேண்டியிருக்கிறது. படங்களிலிருந்து கட்டிய உருவத்தையோ எந்த உயரத்திலும் வாழைத்தண்டுபோல் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. மரத்தின் எடையையும், அதில் அடங்கிய கரிமத்தையும் மதிப்பிடும் சூத்திரங்களில் விட்டம் ஏறக்குறைய வர்க்கமாக வருகிறது. விட்டத்தில் 10 விழுக்காடு பிசகினால் எடையில் சுமார் 20 விழுக்காடு பிசகும். கரிமக் கணக்குக்குக் காசு கைமாறும் காலத்தில் அது யாரோ ஒருவருக்கு நட்டம்.

இன்னொரு நன்மையும் உண்டு. நாடா ஓர் எண்ணை மட்டும் விட்டுச்செல்கிறது. படம் மரத்தையே விட்டுச்செல்கிறது. எண்ணில் சந்தேகம் வந்தால் பத்து ஆண்டு கழித்தும் அதே மரத்தை மேசையில் வைத்து மறுபடி அளக்கலாம்.

காட்டுக்குள் போனால் கதை மாறுகிறது. இலை காற்றில் அசைந்தால் ஒரு படத்தில் இருந்தது அடுத்த படத்தில் இருக்காது; மென்பொருள் குழம்பிவிடும். தண்டு கச்சிதமாக வரும், உச்சி பஞ்சுப்பொதிபோல் வரும். புதர் மறைத்த பக்கம் ஓட்டையாகவே நிற்கும். சரி, மேலிருந்து ட்ரோனால் எடுக்கலாமே என்றால், கூரைபோல் மூடிய விதானத்தின் முதுகுதான் தெரியும். தரை தெரியாமல் உயரத்தை எங்கிருந்து எண்ணுவது? லேசர் கதிர்கள் இலை இடுக்குகளில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும்; ஒளிப்படத்தால் அது ஆகாது. சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் சாலையோர மரங்களை முப்பரிமாணமாகப் பதிய வண்டியில் பொருத்திய லேசரை நாடியதில் வியப்பில்லை. அதற்கு ஆகும் செலவு கைப்பேசிக்காரருக்குக் கட்டுப்படியாகாது என்பது வேறு.

என் பெரிய கவலை அளவின் துல்லியம் பற்றியது அல்ல, மரத்தின் நலம் பற்றியது. 2017 பிப்ரவரி 11 அன்று பூமலையில் (அரசாங்கப் பெயர் தாவரவியல் பூங்கா, நம் பெரியவர்களுக்கு அது பூமலைதான்) 40 மீட்டர் உயர தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. வயது 270க்கு மேல் என்றார்கள். இந்தியாவைச் சேர்ந்த பெண் ஒருவர் இறந்தார். ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு வேறு. அது இன்றும் நிற்கிறது. விழுந்த மரமும் பாரம்பரிய மரப் பட்டியலில் இருந்ததுதான். முந்தைய செப்டம்பரில்தான் சோதித்திருந்தார்கள். அடியில் இருந்த உளுப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கும் தெரியாது. ஆனால் திரையில் சுழலும் அழகான முப்பரிமாண மரம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற மயக்கத்தைத் தருகிறது. மரத்தைத் தட்டி ஒலி கேட்கும் ஆளை அந்த மயக்கத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது: தனித்து நிற்கும் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்கும், புடைத்த வேர் மரங்களின் அடிப்பகுதிக்கும் கேமராவை நம்பலாம். அடர்காட்டில் உயரம் சொல்ல அதை நம்ப வேண்டாம். மரத்தின் நலம் சொல்ல எங்கேயும் வேண்டாம்.

சபாவின் டானும் பள்ளத்தாக்கில் வானிலிருந்து லேசர் கண்டுபிடித்த ‘மெனாரா’ மரத்தின் உயரத்தை, 2019 ஜனவரியில் ஒருவர் உச்சிவரை ஏறி நாடாவைத் தொங்கவிட்டுத்தான் உறுதிசெய்தார்: 100.8 மீட்டர்.